மாரியில் வரும் பெருநாளும் ஸ்டோரில் ஏறும் ஈரமும்



நோன்புப் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னுக்கு வருகிறது. இது நமக்கெல்லாம் தெரிந்த கணக்குத்தான். ஆனால் இந்தக் கணக்கு நமது ஸ்டோருக்குள் என்ன மாற்றத்தைக் கொண்டு வருகிறது என்று நம்மில் பலர் யோசிப்பதில்லை. 2025இல் ரமழான் மார்ச் மாதத்தில் வந்தது. 2026இல் அது பெப்ரவரிக்குள் வந்துவிட்டது. 2030ஆம் ஆண்டில் ஜனவரி முற்பகுதியில் ஒரு ரமழானும், அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் இன்னொரு ரமழானும் தொடங்கும். புறக்கோட்டையிலிருந்து பெருநாள் சாமான்களை இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே கொண்டு வந்து அடுக்குகிறவர்கள் நாம். அப்படியானால் இனி வரும் ஆண்டுகளில் நமது பெருநாள் முதல் முழுவதும் மாரி மழையோடுதான் ஸ்டோருக்குள் கிடக்கப் போகிறது.

இது நமக்குப் புதிய அனுபவமல்ல. 1998 தொடக்கம் 2003 வரையும் பெருநாள் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் வந்தது. அந்தக் காலத்தில் கடையில் நின்றவர்களுக்கு நான் சொல்வது ஞாபகம் இருக்கும். இப்போது வியாபாரத்துக்கு வந்திருக்கும் இளைஞர்கள் அதைக் கண்டதில்லை. இந்த வாரம் ஈரத்தைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

என் கையைச் சுட்ட பாடம்

2001ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் டிசம்பர் நடுப்பகுதியில் வந்தது. வாப்பாவும் நானும் ஒக்டோபர் மாதத்திலேயே சாரன், பிள்ளைகளின் உடுப்பு, வெள்ளைத் துணி என்று எடுத்து ஸ்டோரில் அடுக்கிவிட்டோம். பேல்களை சீமெந்துத் தரையில் நேரடியாக வைத்து, பின் சுவரோடு ஒட்டி, கூரை வரைக்கும் ஏற்றினோம். கூரை ஒழுகவில்லை. வெள்ளம் உள்ளே வரவில்லை. எல்லாம் பத்திரம் என்றுதான் நினைத்தோம். பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அடிவரிசைப் பேல்களைப் பிரித்தோம். பூஞ்சணம் மணத்தது. வெள்ளைத் துணியில் சாம்பல் நிறப் புள்ளிகள். சாரன்களின் மடிப்பு ஓரங்களில் கறுப்புக் கோடு.

அவற்றை நல்ல உருப்படிகளுக்கிடையில் வைத்து விற்றுவிடலாம் என்று கடைப்பையன் ஒருவன் சொன்னான். வாப்பா அதற்கு இணங்கவில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு சம்பவத்தை அப்போது அவர் நினைவூட்டினார். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். நாங்கள் அந்த உருப்படிகளை வேறாக்கி, பழுது என்று எழுதி வைத்து, வந்த விலைக்குக் கொடுத்தோம். அந்தப் பெருநாளில் லாபத்தின் பெரும் பகுதி அதோடு போயிற்று.

அந்த ஹதீஸில் வரும் குறை மழை ஈரம் என்பதை வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டும். குறையை மறைக்காமல் இருப்பது மார்க்கக் கடமை. குறை வராமல் பார்த்துக்கொள்வது வியாபாரியின் வேலை. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

நமது ஊர் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மட்டக்களப்பு வாவியுமாக நடுவில் கிடக்கும் ஒடுங்கிய நிலம். ஆண்டு மழையின் பெரும் பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரையில் பெய்துவிடுகிறது. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் கண்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. ஆனால் வெள்ளம் வராத ஆண்டிலும் துணி பழுதாகிறது. அதற்குக் காரணம் காற்றிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நீராவி.

காற்று ஓரளவு நீராவியைத்தான் தாங்கும். சூடு கூடினால் கூடத் தாங்கும், குறைந்தால் குறையத் தாங்கும். 20 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று அதிகபட்சம் 17 கிராம் அளவு நீராவியைத் தாங்கும். 26 பாகையில் 24 கிராம், 30 பாகையில் 30 கிராம், 35 பாகையில் கிட்டத்தட்ட 40 கிராம். தாங்கக்கூடிய அளவில் எத்தனை வீதம் இப்போது இருக்கிறது என்பதைத்தான் சாரீரப்பதன் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்திருந்தாலும் பரவாயில்லை. இந்த வீதத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

60 வீதத்துக்குக் கீழே இருந்தால் துணி, தாள், தோல் ஆகியவற்றுக்குப் பயமில்லை. 70ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். 80ஐத் தாண்டினால் வேகமாகப் பிடிக்கும். இரும்புச் சாமான் விற்பவர்களுக்கும் 60தான் எல்லை. அதற்கு மேலே துரு வேகமாக ஏறும். நெல் வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. ஈரம் 14 வீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லைத் தள்ளிவிடுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியே 35 பாகை, சாரீரப்பதன் 45 வீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் கனமீற்றருக்கு 18 கிராம் நீர்தான் இருக்கிறது. மாரியில் 26 பாகை, 90 வீதம் என்றால் 22 கிராம் இருக்கிறது. உடம்புக்கு இதமாக இருக்கும் மாரிக் காற்றுத்தான் சரக்குக்கு எதிரி. கச்சான் காலத்தில் கதவு யன்னல்களைத் திறந்து வைத்துப் பழகிய கையால் மாரியிலும் திறந்து வைக்கிறோம். "காற்றோட்டம் நல்லது" என்ற வார்த்தை வருடம் முழுவதற்கும் பொருந்தாது.

குளிர் நாட்டில் தலைகீழ்

லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் நமது பிள்ளைகளின் வீடுகளில் இதற்கு நேர்மாறான பிரச்சினை. வெளியே 0 பாகை, 80 வீதம் என்றால் அந்தக் காற்றில் ஒரு கனமீற்றருக்கு 4 கிராம் நீர்கூட இல்லை. அதை வீட்டுக்குள் 21 பாகைக்குச் சூடாக்கினால் சாரீரப்பதன் ஏறத்தாழ 20 வீதத்துக்கு இறங்கிவிடும். உதடு வெடிக்கும், தொண்டை காயும், மரத் தளபாடம் பிளக்கும். அதனால் கனடா போன்ற இடங்களில் வீடு முழுவதற்கும் சூடு கொடுக்கும் இயந்திரத்தோடு சேர்த்து, காற்றில் நீரைக் கலக்கும் ஈரமூட்டி ஒன்றையும் பொருத்துகிறார்கள்.

ஈரமூட்டி நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது ஈரமகற்றி. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நமது ஊரிலேயே ஒரு மச்சான் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியை ஸ்டோரில் வைத்து, தினமும் அதில் தண்ணீர் ஊற்றி ஓட விட்டிருந்தார். பெட்டியிலுள்ள இரண்டு பெயர்களும் ஆங்கிலத்தில் ஓரெழுத்துக் கூட்டம்தான் வித்தியாசம். சுலபமாக அடையாளம் காண ஒரு வழி உண்டு. நீங்கள் தண்ணீர் ஊற்ற வேண்டிய இயந்திரம் ஈரத்தைக் கூட்டும். உங்களுக்குத் தண்ணீர் எடுத்துத் தரும் இயந்திரம் ஈரத்தைக் குறைக்கும்.

ஈரத்தைக் கூட்ட வேண்டிய தொழிலும் இருக்கிறது. பருத்தி நூல் காய்ந்தால் பலம் குறைந்து அறும். அதனால்தான் கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் காற்றுக்கு நீர் தெளிக்கும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மருதமுனையின் கைத்தறிக்காரர்களிடம் கேட்டால் காய்ந்த காற்றில் நூல் படுத்தும் பாட்டைச் சொல்வார்கள். நெய்யும்போது வேண்டிய ஈரம், நெய்ததை அடுக்கி வைக்கும்போது வேண்டாததாகிறது.

முதலில் அளவு கருவி

ஆயிரக்கணக்கில் செலவழித்து இயந்திரம் வாங்குவதற்கு முன் ஓர் ஈரமானி வாங்குங்கள். தீக்குச்சிப் பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. வெப்பநிலையும் சாரீரப்பதனும் எண்ணாகத் தெரியும். விலையும் அதிகமில்லை. இரண்டு வாங்கி ஒன்றைக் கடையிலும் மற்றதை ஸ்டோரிலும் வையுங்கள். ஸ்டோரில் கண் மட்டத்தில் தொங்கவிட வேண்டாம். பேல்களுக்குப் பின்னால், சுவருக்கும் தரைக்கும் அருகில் வையுங்கள். பழுது தொடங்கும் இடம் அதுதான்.

மலிவான கருவிகள் சில ஐந்து, பத்து வீதம் பிழையாகக் காட்டும். அதைச் சோதிக்க நமது சமையலறை உப்பே போதும். போத்தல் மூடியொன்றில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈரச் சேறு போல வருமளவுக்குச் சில துளி நீர் விடுங்கள். அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் போட்டு மூடி ஓரிரவு வையுங்கள். உப்பின் மேலுள்ள காற்று 75 வீதத்தில் வந்து நிற்கும். கருவி 80 காட்டினால் அது ஐந்து கூட்டிக் காட்டுகிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இந்த 75 நமது ஊருக்கு இன்னொரு வகையிலும் முக்கியம். காற்றின் ஈரம் 75ஐத் தாண்டியதும் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். உப்பு மணலால் கட்டிய பழைய சுவர்கள் மாரியில் வியர்ப்பது இதனால்தான். அந்தச் சுவருக்கு எத்தனை முறை வர்ணம் பூசினாலும் உப்பு இருக்கும்வரை அது வியர்க்கும். சரக்கை அதிலிருந்து விலக்கி வைப்பதே வழி.

சுபஹ், லுஹர், இஷா ஆகிய மூன்று நேரமும் ஒரு கொப்பியில் குறியுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் ஸ்டோரின் நிலை உங்களுக்கே விளங்கும். 60க்குக் கீழே நிற்கிறதென்றால் அல்ஹம்துலில்லாஹ், பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

தரையிலிருந்து நான்கு அங்குலமாவது உயர்த்திப் பலகைத் தட்டில் சரக்கை வையுங்கள். சுவரிலிருந்து அரை அடி விலக்குங்கள். மழையில் வந்த லொறிச் சரக்கை உடனே அடுக்கின் நடுவில் வைக்காமல் ஒரு நாள் பிரித்து ஆறவிடுங்கள். பொலித்தீனில் சுற்றினால் ஈரம் வராது என்று நினைப்பது பாதி உண்மைதான். காய்ந்த துணியைச் சுற்றினால் வெளி ஈரம் உள்ளே போகாது. ஈரம் ஏறிய துணியைச் சுற்றினால் உள் ஈரம் வெளியே போகாது. பூச்சி உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கல்ல. சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிறிய சிலிக்கா பொதி அந்தப் பெட்டிக்குப் போதும். ஓர் அறைக்கு அது எட்டாது.

அடுத்ததாகக் கதவும் கூரை இடைவெளிகளும். இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஸ்டோர் என்றால் அதற்குள் 85 கனமீற்றர் காற்று இருக்கும். மாரியில் வெளிக்காற்றில் கனமீற்றருக்கு 22 கிராம் நீர் என்று பார்த்தோம். உள்ளே 28 பாகை, 55 வீதம் வேண்டுமென்றால் 15 கிராம்தான் இருக்க வேண்டும். வித்தியாசம் 7 கிராம். அதாவது உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒரு தடவை மாறினால் 0.6 லீற்றர் தண்ணீர் புதிதாக உள்ளே வருகிறது. மணிக்கு ஒரு தடவை மாறினால் நாளைக்கு 14 லீற்றருக்கு மேல். இடைவெளிகளை அடைத்து, கதவுக்கு அடியில் றப்பர் பட்டி போட்டு, நான்கு மணிக்கு ஒரு தடவையாகக் குறைத்தால் நாளைக்கு நாலு லீற்றர்கூட இல்லை. கதவுக்குச் செலவழிக்கும் சில நூறு ரூபா இயந்திரத்தின் அளவைப் பாதியாக்கிவிடும். கதவை அடைக்காமல் ஈரமகற்றி வாங்குபவர் வாவியை வாளியால் இறைக்கப் போகிறார்.

ஏ.சி. போதாதா?

இந்தக் கேள்வி நியாயமானது. ஏனென்றால் ஏ.சி. பிறந்ததே ஈரத்துக்காகத்தான். 1902இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் தாள் விரிந்து, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக விழாமல் போனது. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியியலாளர் வரைந்த ஏற்பாடுதான் இன்றைய ஏ.சி.யின் தொடக்கம். அவர் வைத்த இலக்கு 55 வீத ஈரம். 1906இல் 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரை முதலில் வைத்த ஸ்டுவர்ட் கிரேமரும் புடவை ஆலைகளுக்காக வேலை செய்தவர்தான்.

கடைக்குள் வெயில் காலத்தில் ஏ.சி. ஈரத்தை நன்றாகவே எடுக்கும். வெளியே சொட்டும் நீர் அந்த ஈரம்தான். ஆனால் ஏ.சி. ஈரத்தைப் பார்த்து ஓடுவதில்லை, சூட்டைப் பார்த்து ஓடுகிறது. 24 பாகையில் வைத்திருக்கிறீர்கள், மாரியில் அறையே 25 பாகையில் இருக்கிறது என்றால் அது சில நிமிடங்களில் நின்றுவிடும். ஈரம் அப்படியே இருக்கும். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏ.சி. போட்டவர்களுக்கும் இதே கதைதான். வேகமாகக் குளிரும், வேகமாக நிற்கும், உள்ளே சில்லென்று இருந்தும் நசநசப்புப் போகாது.

ஏ.சி. இருக்கும் கடைகளில் மாரிக்கு 'டிரை' என்ற நிலையைப் பயன்படுத்துங்கள். விசிறியைக் குறைந்த வேகத்தில் விடுங்கள். கொம்ப்ரஸர் நின்ற பிறகும் விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் குளிர்க்குழாயில் ஒட்டியிருக்கும் நீர் மறுபடியும் அறைக்குத்தான் வரும். சந்தேகமிருந்தால் ஏ.சி.யின் நீர்க்குழாய்க்கு அடியில் ஒரு நாள் வாளி வைத்து அளந்து பாருங்கள். கடைக் கதவைத் திறந்து வைத்து ஏ.சி. போடுவதையும் நிறுத்த வேண்டும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி மங்குகிறதல்லவா? கதவால் நுழையும் ஈரக் காற்றுப் பட்டுக் குளிர்ந்த கண்ணாடி அலுமாரியிலும் உலோகச் சாமானிலும் அதே நீர்தான் படிகிறது.

யாரும் இருக்காத, சரக்கு மட்டும் இருக்கும் ஸ்டோருக்கு ஏ.சி.யைவிட ஈரமகற்றியே பொருத்தம்.

ஈரமகற்றி வாங்கும்போது

இரண்டு வகை உண்டு. ஒன்று கொம்ப்ரஸர் உள்ளது. குளிர்சாதனப் பெட்டியைப் போல ஒரு குழாயைக் குளிராக்கி அதில் நீரைப் படிய வைத்து இறக்கும். மற்றது நீரை உறிஞ்சும் இரசாயனச் சக்கரம் உள்ளது. அது குளிரான இடங்களுக்கு உகந்தது. நமது சூட்டுக்குக் கொம்ப்ரஸர் வகைதான் வேண்டும்.

பெட்டியில் '20 லீற்றர்' என்று எழுதியிருப்பது நாளொன்றுக்கு எடுக்கும் நீரின் அளவு. தொட்டியின் கொள்ளளவு வேறு, இது வேறு. பெரும்பாலும் 30 பாகை, 80 வீதத்தில் அளந்து அதை எழுதுகிறார்கள். அறை 60 வீதத்துக்கு இறங்கியதும் அது ஏறத்தாழப் பாதியாகிவிடலாம். எனவே மேலே கணக்குப் போட்ட ஸ்டோருக்கு, இடைவெளிகளை அடைத்த பின், 20 முதல் 25 லீற்றர் இயந்திரம் பொருத்தமானது. எந்தப் பாகையில், எந்த வீதத்தில் அளந்த எண் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் கைநூலைப் பார்க்கக் கேளுங்கள்.

வேண்டிய வீதத்தை வைத்தால் தானாக நின்று ஓடும் வசதி இருக்க வேண்டும். ஹோஸ் பூட்டித் தண்ணீரை வெளியே விடும் வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி நிறைந்ததும் இயந்திரம் நின்றுவிடும், ஜும்ஆ நாளில் பூட்டிய கடையில் அதை ஊற்ற ஆளிருக்காது. மின்சாரம் போய் வந்தால் தானாக மறுபடி ஓடும் வசதியும் அவசியம். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய இயந்திரத்தில் கவனம் வேண்டும். கனடா, அமெரிக்க இயந்திரங்கள் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸில் ஓடுபவை. நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அத்தோடு 2013இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருபது இலட்சத்துக்கும் அதிகமான ஈரமகற்றிகள் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயத்தால் திரும்பப் பெறப்பட்டன. துணி நிறைந்த அறையில் வைக்கும் இயந்திரம் என்பதால் உத்தரவாதம் இல்லாததை இலவசமாகக் கிடைத்தாலும் வைக்காதீர்கள்.

ஓட விடும்போது

55 வீதத்தில் வையுங்கள். கூடக் காய்ந்தால் நல்லது என்று 40இல் வைப்பவர்களுண்டு. சரக்குக்கு அது தேவையில்லை, மின்சாரம்தான் போகும். சுற்றிலும் ஓர் அடி இடைவெளி விடுங்கள், துணி எதுவும் மேலே விழாதபடி வையுங்கள். நீட்டுக் கம்பியில் இணைக்காமல் புவித்தொடுப்புள்ள சுவர் பிளக்கில் நேராக இணையுங்கள். ஹோஸ் முழுவதும் கீழ்நோக்கிச் சரிவாக இருக்க வேண்டும். வடியைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கழுவுங்கள். துணிப் பஞ்சு நமது கடைகளில் அதிகம். அடைத்தால் இயந்திரம் ஓடும், தண்ணீர் வராது.

முதல் நாளே எண் இறங்கவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். நாம் உதாரணத்துக்கு எடுத்த ஸ்டோரின் மாரிக் காற்றில் மொத்தமாக இருப்பது இரண்டு லீற்றருக்கும் குறைவான நீர். ஆனால் பருத்தித் துணி 65 வீத ஈரத்தில் தனது உலர்ந்த எடையில் எட்டரை வீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆயிரம் கிலோ பருத்திக்குள் 85 லீற்றர் தண்ணீர். 90 வீத ஈரத்தில் இன்னும் கூட. பட்டு அதைவிட அதிகம் பிடிக்கும். பொலியெஸ்டர் அரை வீதம்கூடப் பிடிக்காது. ஆகவே இயந்திரம் முதலில் துணிக்குள் ஏறிய ஈரத்தை இறக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கு ஆகும். சரக்கு வந்த பிறகு இயந்திரம் தேடுவதைவிட ஒக்டோபரில், சரக்குக் காய்ந்திருக்கும்போதே தொடங்குவது பாதிச் செலவு.

இந்த இயந்திரம் அறையைக் குளிராக்காது, சூடாக்கும். ஒரு லீற்றர் நீரை இறக்கும்போது வரும் சூடு மட்டும் ஏறத்தாழ 0.7 யூனிட் மின்சாரம் எரித்த சூட்டுக்குச் சமம். ஆகவே ஸ்டோருக்கு நல்லது, வாடிக்கையாளர் நிற்கும் கடைக்கு உகந்ததல்ல.

செலவுக் கணக்கு

இயந்திரத்தின் தகட்டில் 400 வோட்ஸ் என்றிருந்து, நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் ஓடினால் 4.8 யூனிட். மாதத்துக்கு 144 யூனிட். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்துக்கும் 432 யூனிட். மின் கட்டணம் அடிக்கடி மாறுவதால் உங்கள் கடைப் பட்டியலிலுள்ள யூனிட் விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதோடு இயந்திரத்தின் விலையை ஐந்தாறு வருடத்துக்குப் பிரித்துக் கூட்டுங்கள். மறுபக்கத்தில், கடந்த மாரியில் பழுதென்று ஒதுக்கிய அல்லது விலை குறைத்து விற்ற சரக்கின் பெறுமதியை எழுதுங்கள். இரண்டாவது தொகை சிறியதென்றால் பலகைத் தட்டும் கதவுப் பட்டியுமே உங்களுக்குப் போதும். இயந்திரம் வேண்டாம். பெரியதென்றால் தாமதிக்க வேண்டாம். சிறிய கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு நல்ல அறையை அடைத்து, ஓர் இயந்திரத்தைப் போட்டுப் பெருநாள் சரக்கை அங்கே வைக்கலாம். வாடகையும் மின்சாரமும் பங்காகிவிடும்.

கச்சான் காற்றுத் தொடங்கியதும் இயந்திரத்தை நிறுத்தி, தொட்டியைக் காயவைத்து மூடி வையுங்கள். கதவு யன்னல்களைத் திறந்துவிடுங்கள். அந்த மாதங்களில் அல்லாஹ் தந்த காற்றே இலவசமாக அந்த வேலையைச் செய்துவிடும்.

வாப்பா வபாத்தாகிப் பல வருடங்களாகிவிட்டன. பழுது என்று அவர் கையால் எழுதிய அந்த மட்டையைக் கண்டு அன்று சிலர் சிரித்தார்கள். ஆனால் அதைப் பார்த்து வாங்கிய சில குடும்பங்கள் இன்றும் நம்மிடம்தான் துணி எடுக்கிறார்கள். மாரிப் பெருநாள்கள் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. இம்முறை அப்படியொரு மட்டை எழுதும் நிலை உங்களில் யாருக்கும் வராமலிருக்க வேண்டும். இந்த வாரமே ஓர் ஈரமானி வாங்கிப் பேல்களுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். மீதியை அது காட்டும் எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம், இன்ஷா அல்லாஹ்.